பூனைகளை மேய்த்தல் (மரபுத்தொடர்)

பூனைகளை மேய்த்தல் என்பது, தத்தம் விருப்பப்படி இயங்கும் பலரை ஒன்றுசேர்த்து ஒரே திசையில் நடத்த முயலும் கடினமான, பெரும்பாலும் பலன் தராத வேலையைக் குறிக்கும் ஓர் ஆங்கில மரபுத்தொடர் ஆகும். ஆங்கிலத்தில் இது ஹெர்டிங் கேட்ஸ் என வழங்குகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1980களின் நடுப்பகுதி முதல் அச்சில் காணப்படும் இத்தொடர், 1990களில் மேலாண்மை, கணினி ஆகிய துறைகளில் பரவியது. 2000ஆம் ஆண்டில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி விளம்பரத்திற்குப் பின்னர் பொதுமக்கள் பேச்சிலும் நிலைபெற்றது.

பொருள்

அகராதிகள் பலவும் இத்தொடருக்கு "மிகக் கடினமான செயல்" என்று சுருக்கமாகப் பொருள் கூறுகின்றன. இது போதாது. எல்லாக் கடினமான செயலும் பூனை மேய்த்தல் ஆகாது. நூறு மூட்டை அரிசியை ஒருவர் தனியாக மாடிக்கு ஏற்றுவது கடினம்; ஆயினும் மூட்டைகள் வைத்த இடத்தில் இருக்கும். ஐந்து துறைத் தலைவர்களை ஒரே நாளில் ஒரே அறையில் கூட்டி ஒரு முடிவுக்கு வரச் செய்வதையே ஆங்கிலேயர் பூனை மேய்த்தல் என்பர். வேலையின் பளு இங்குப் பொருட்டன்று. சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொந்த விருப்பம் இருப்பதும், அவர்களுள் எவரும் மற்றவரைப் பின்தொடராததுமே இங்குக் கடினத்தின் ஊற்று ஆகும்.

எதிர்ப்பும் இதில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பகைவரை அடக்குவதையோ, வேண்டுமென்றே முரண்டு பிடிப்பவரை வழிக்குக் கொண்டுவருவதையோ இத்தொடர் குறிப்பதில்லை. பூனை மேய்ப்பவனை எதிர்ப்பதில்லை. அவன் இருப்பதைப் பொருட்படுத்துவதில்லை, அவ்வளவே. ஆகையால் இத்தொடரைச் சொல்பவரின் குரலில் சினத்தைவிட அலுப்பும், அந்த அலுப்பின் மீது சற்று நகைப்பும் கலந்திருக்கும்.

இத்தொடர் பெரும்பாலும் உவமையாகவே வரும்: "அவர்களை ஒருங்கிணைப்பது பூனைகளை மேய்ப்பது போன்றது." பூனை மேய்ப்பர் என்ற பெயர்ச்சொல் வடிவமும் உண்டு. திட்ட மேலாளர்கள் தங்களையே வேடிக்கையாக இவ்வாறு அழைத்துக்கொள்வது வழக்கம். ஒருவரைப் பற்றி மட்டும் இதனைக் கூறுதல் பொருந்தாது. பூனைகள் பலவாக இருத்தல் வேண்டும்.

மயங்கக்கூடிய பிற தொடர்கள்

கடினமான செயல்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு பல தொடர்கள் உள்ளன. அவற்றுள் சில கிரேக்கத் தொன்மங்களிலிருந்து வந்தவை. எர்க்குலிசின் பணி என்பது மனித ஆற்றலுக்கு மிஞ்சிய பெருஞ்செயலைக் குறிக்கும். அவ்வீரன் ஆகியசு மன்னனின் தொழுவத்தில் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த சாணத்தை இரு ஆறுகளைத் திருப்பிவிட்டுக் கழுவியதாகக் கதை கூறுகிறது. சாணத்திற்குத் தனி விருப்பம் கிடையாது. எனவே போதிய நீர் இருந்தால் வேலை முடிந்துவிடும். சிசிபசின் பணி என்பது முடிவே இல்லாத வேலை. மலையுச்சிக்கு உருட்டிச் செல்லும் பாறை ஒவ்வொரு முறையும் கீழே உருண்டுவிடும். இங்கும் பாறை ஒரே திசையில்தான் உருள்கிறது. எங்கே தேடுவது என்று சிசிபசிற்கு எப்போதும் தெரியும். பூனை மேய்ப்பவருக்கு அந்த வசதியும் இல்லை.

தமிழ் மாணவர்கள் இதனைப் பூனைக்கு மணி கட்டுதல் என்ற தொடருடன் குழப்பிக்கொள்வது உண்டு. இரண்டிலும் பூனை வருகிறது என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லை. மணி கட்டும் கதையில் எலிகள் அனைத்தும் ஒருமனதாக முடிவெடுத்துவிட்டன. ஆபத்தான அவ்வேலையை யார் முன்வந்து செய்வது என்பதே சிக்கல். மேய்த்தலில் ஆபத்து இல்லை, ஒருமனம்தான் இல்லை.

உருவகத்தின் அடிப்படை

ஆட்டு மந்தையை ஒரு மனிதனும் ஒரு நாயும் சேர்ந்து ஓட்டிச் செல்ல முடிகிறது. நூற்றுக்கணக்கான விலங்குகளை இருவர் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றனர் என்பதை அறிந்தால், பூனைகளிடம் அது ஏன் பலிக்காது என்பதும் விளங்கும்.

பிரித்தானிய உயிரியலாளர் டபிள்யூ. டி. ஆமில்டன் 1971இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், விலங்குகள் கூட்டமாக நெருங்குவதற்குப் பொதுநலம் காரணமாக இருக்கத் தேவையில்லை என்று காட்டினார். கொன்றுண்ணி வரும்போது ஓரத்தில் நிற்கும் விலங்கே முதலில் அகப்படும். எனவே ஒவ்வொன்றும் தனக்கும் ஆபத்துக்கும் இடையில் மற்றொன்றை நிறுத்திக்கொள்ள முயல்கிறது. எல்லாம் இவ்வாறு செய்வதால் கூட்டம் இறுகுகிறது. இது தன்னல மந்தைக் கோட்பாடு எனப்படுகிறது. ஆடு அச்சமுற்றால் அருகிலுள்ள ஆட்டை நோக்கி ஓடும். மேய்ப்பனின் கலை முழுவதும் இந்த ஒரு பழக்கத்தின் மேல் நிற்கிறது.

டேனியல் இசுட்ராம்பாம், ஆண்ட்ரூ கிங் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் கணித வடிவில் காட்டியது. ஆடுகளின் மீதும் நாயின் மீதும் புவியிடங்காட்டிக் கருவிகளைப் பொருத்தி அவற்றின் அசைவுகளைப் பதிவு செய்த இவர்கள், நாயின் நடத்தையை இரண்டே விதிகளால் விளக்கிவிடலாம் என்று கண்டனர். ஆடுகள் சிதறியிருந்தால் விலகி நிற்பவற்றை நடுவை நோக்கித் திரட்டு. திரண்டுவிட்டால் பின்னால் நின்று முன்னே ஓட்டு. இதே விதிகளைக் கொண்டு கணினியில் பாவனை மந்தைகளையும் ஓட்ட முடிந்தது. ஆனால் பாவனையில் ஒவ்வோர் ஆட்டுக்கும் "அண்மையிலுள்ளவற்றின் மையத்தை நோக்கி நகர்" என்ற கட்டளை இருந்தது. அவ்வொரு வரியை நீக்கிவிட்டால் நாய் எவ்வளவு திறமையானதாக இருப்பினும் மந்தை உருவாகாது. வீட்டுப்பூனையின் நிரலில் அவ்வரி இல்லை என்று கொள்ளலாம்.

இதற்குப் பூனையின் மரபு காரணமாகும். 2007இல் வெளியான மரபணு ஆய்வின்படி, வீட்டுப்பூனைகள் அண்மைக் கிழக்கைச் சேர்ந்த காட்டுப்பூனைகளின் வழிவந்தவை. அக்காட்டுப்பூனை தனியாகவே வேட்டையாடும். எலி, பறவை போன்ற சிற்றுயிர்களைப் பிடிக்கக் கூட்டாளி தேவையில்லை. நாயின் மூதாதையான ஓநாயோ குடும்பக் கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாக வேட்டையாடுவது. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மனிதருக்கு அருகே பூனையொன்று புதைக்கப்பட்டிருந்தது 2004இல் அறிவிக்கப்பட்டது. அத்தனை காலம் மனிதருடன் வாழ்ந்தும், அச்சம் வந்தால் பூனை இன்னொரு பூனையிடம் ஓடுவதில்லை. கட்டிலுக்கு அடியிலோ மரத்தின் மேலோ ஓடுகிறது. பத்துப் பூனைகளை விரட்டினால் பத்துத் திசைகள் கிடைக்கும்.

எனினும் பூனைகள் முற்றிலும் கூடி வாழாதவை என்பது சரியன்று. உணவு நிறையக் கிடைக்கும் பண்ணைகளிலும் துறைமுகங்களிலும் உறவுடைய பெண் பூனைகள் சேர்ந்து வாழ்கின்றன. ஒன்றின் குட்டிகளை மற்றொன்று பேணுவதும் உண்டு. சொன்னதைப் புரிந்துகொள்ளாதவை என்பதும் சரியன்று. சப்பானில் அட்சுகோ சைட்டோவும் அவரது குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகள் தம் பெயரை அதே போன்று ஒலிக்கும் பிற சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று தெரியவந்தது. பெயரைக் கேட்டதும் அவை பெரும்பாலும் தலையை அல்லது காதைத் திருப்பின. எழுந்து வந்தவை அரிது. மின்னஞ்சலைப் படித்துவிட்டுப் பதில் எழுதாதவர்களுடன் பணியாற்றியவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது.

2000ஆம் ஆண்டு விளம்பரம்

இத்தொடரின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வு 2000 சனவரி 30 அன்று ஐக்கிய அமெரிக்காவில் நடந்த சூப்பர் பவுல் என்னும் அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டத்தின் போது ஒளிபரப்பான ஒரு நிமிட விளம்பரம் ஆகும். எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் என்ற கணினிச் சேவை நிறுவனத்திற்காக ஃபாலன் என்ற விளம்பர நிறுவனம் இதனை உருவாக்கியது.

விளம்பரத்தில் பரந்த புல்வெளியில் குதிரை மீதேறிய மாட்டிடையர்கள் பெரும் பூனைக் கூட்டம் ஒன்றை ஓட்டிச் செல்கின்றனர். அமெரிக்க மேற்குப் பகுதியைக் காட்டும் பழைய திரைப்படங்களின் தோரணையில், ஆவணப்பட நேர்காணல் போல அவர்கள் தம் தொழிலைப் பற்றிப் பெருமையுடன் பேசுகின்றனர். ஒருவர் தம் முன்னோரின் நிழற்படத்தைக் காட்டுகிறார். இன்னொருவரின் முகத்தில் கீறல்கள். ஒருவர் கயிற்றுச் சுருளுக்குப் பதிலாக நூல்கண்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மற்றொருவர் ஆடையில் ஒட்டிய பூனை மயிரை உருளையால் நீக்குகிறார். ஆற்றைக் கடக்கும் காட்சியும் உண்டு. இறுதியில், சிதறிக் கிடக்கும் தகவல்களையும் அமைப்புகளையும் ஒன்றுசேர்ப்பதே தங்கள் பணி என்று நிறுவனம் கூறிக்கொள்கிறது. நடிகர்கள் யாரும் சிரிப்பதில்லை. விளம்பரத்தின் வெற்றிக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

படப்பிடிப்பில் பூனைகள் உண்மையில் மந்தையாக ஓட்டப்படவில்லை. பழக்கப்பட்ட பூனைகளைச் சிறு குழுக்களாகப் படம்பிடித்துப் பின்னர் கணினி வரைகலையால் ஒரே காட்சியில் இணைத்தனர். தொடரின் பொருளுக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அவ்வாண்டின் இறுதியாட்டத்தில் இணைய நிறுவனங்கள் பல பெரும்பொருள் செலவிட்டு விளம்பரம் செய்தன. அவற்றுள் ஒன்றான பெட்ஸ்.காம் அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. 1962இல் ராஸ் பெரோவால் தொடங்கப்பட்ட எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் நிறுவனத்தை 2008இல் எச்.பி. நிறுவனம் வாங்கியது, அப்பிரிவு 2017இல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து டி.எக்ஸ்.சி. டெக்னாலஜி ஆனது. நிறுவனத்தின் பெயர் மறைந்தபின்னும் விளம்பரம் மேலாண்மை வகுப்புகளில் காட்டப்பட்டு வருகிறது.

மென்பொருள் துறையில்

நிரலாளர்களை மேலாண்மை செய்வது பூனைகளை மேய்ப்பது போன்றது என்ற கூற்று மென்பொருள் துறையில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. நிரலாளராக இருந்து குழுத் தலைவராக உயர்வோருக்காக ஜே. ஹேங்க் ரெயின்வாட்டர் எழுதி 2002இல் வெளியான கையேட்டின் தலைப்பும் இத்தொடரே.

இத்துறையில் இத்தொடர் ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதற்குத் தொழிலின் இயல்பில் காரணம் உண்டு. ஒரு சிக்கலைத் தீர்க்கப் பல வழிகள் உள்ளன. எவ்வழி சிறந்தது என்பதை வேலையைச் செய்பவரே பெரும்பாலும் நன்கறிவார், மேலாளர் அறியார். ஆகவே ஆணையிடுவதன் எல்லை விரைவில் வந்துவிடுகிறது. நிரலாளர் கீழ்ப்படியாமல் இருப்பதில்லை. சொல்லப்பட்டதைவிடச் சுவையான வேறொரு சிக்கலைக் கண்டு அதன்பின் போய்விடுகிறார்.

இதனை மென்பொருள் திட்டங்களின் மற்றொரு புகழ்பெற்ற சிக்கலிலிருந்து பிரித்தறிதல் வேண்டும். பிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட தி மிதிக்கல் மேன்-மந்த் என்ற நூலில், குழு பெருகும்போது தொடர்புகள் அதைவிட வேகமாகப் பெருகும் என்று விளக்கினார். 5 பேருக்கு இடையே 10 இணைப்புகள். 10 பேருக்கு 45. 50 பேருக்கு 1,225. தாமதமான திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடுவது இதனால்தான். இக்கணக்கு, ஒத்துழைக்க மனமுள்ளவர்களுக்கும் பொருந்தும். ஐம்பது ஆடுகளிடையேயும் 1,225 இணைப்புகள் உண்டு. நடைமுறையில் இரு சிக்கல்களும் சேர்ந்தே வருவதால், புரூக்ஸ் கூறிய குறைக்கும் பூனைகள் மேல் பழி விழுந்துவிடுகிறது.

அரசியலில்

அமெரிக்க மேலவையின் பெரும்பான்மைத் தலைவராக 1996 முதல் 2001 வரை இருந்த டிரென்ட் லாட், 2005இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளுக்கு இத்தொடரையே தலைப்பாக வைத்தார். மேலவையின் 100 உறுப்பினர்களும் ஆறாண்டுக் காலத்திற்கு அவரவர் மாநில மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். தலைவர் அவர்களைப் பதவி நீக்க முடியாது. அன்றாட அலுவல்கள் பலவும் அனைவரின் இசைவுடன் நடைபெறுவதால், ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் அவை தாமதப்படும். பெரும்பாலான சட்டமுன்வரைவுகளின் மீதான விவாதத்தை முடித்துவைக்க 60 வாக்குகள் தேவை. பெரும்பான்மைத் தலைவர் என்ற பெயர் சுட்டும் அதிகாரம் நடைமுறையில் இல்லை. கெஞ்சல், பேரம், காத்திருப்பு ஆகியவையே கையிலுள்ள கருவிகள். பல்கலைக்கழகத் துறைகள், மருத்துவக் குழுக்கள், கூட்டணி அரசுகள் ஆகியவற்றைக் குறித்தும் இத்தொடர் அடிக்கடி பயன்படுவதற்கு இதே அமைப்பு காரணமாகும்.

விமர்சனம்

இத்தொடரை எப்போதும் மேய்ப்பவரே சொல்கிறார் என்பது அதன் குறை. பூனைகளின் தரப்பு அதில் இடம்பெறுவதில்லை. பணியாளர்களைப் பூனைகள் என்று அழைத்துவிட்டால், திட்டம் தெளிவாக இருந்ததா, இலக்கு அடிக்கடி மாற்றப்பட்டதா, கூட்டத்திற்கு வருமாறு கேட்கப்பட்ட நேரம் அவர்களுக்கு ஏற்றதா என்ற கேள்விகள் எழாமலே போய்விடுகின்றன. சிதறல் அவர்களின் பிறவிக்குணமாகி விடுகிறது. அதோடு, சிதறாத குழுவே நல்ல குழு என்ற எண்ணமும் உருவகத்திற்குள் மறைந்திருக்கிறது. ஆபத்தைக் கண்டதும் ஒருவர் பின் ஒருவர் ஒளிந்துகொள்ளும் பொறியாளர்களைக் கொண்ட நிறுவனத்தில், பாலத்திலோ மென்பொருளிலோ உள்ள பிழையை முதலில் எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. அங்கு மேய்த்தல் எளிது.

மேய்க்காமல் இயங்கும் அமைப்புகள்

தன்னிச்சையானவர்களைக் கொண்டே பெரும்பணிகள் நடந்துள்ளன. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு 1986இல் தொடங்கியது. இதற்கு முறையான உறுப்பினர் பட்டியல் இல்லை, விரும்பியவர் கலந்துகொள்ளலாம். எவருக்கும் எவரையும் பணிக்கும் அதிகாரம் இல்லை. வாக்கெடுப்பும் கிடையாது. அறையின் போக்கை அறிய, ஒரு கருத்தை ஏற்பவர்கள் வாய்மூடி முனகுமாறு கேட்கப்படுகின்றனர். முனகலின் வலிமையைக் கொண்டு தலைவர் நிலைமையைக் கணிக்கிறார். இது வேடிக்கையாகத் தோன்றினும் இதன் நோக்கம் தீவிரமானது. 2014இல் வெளியான 7282ஆம் எண் ஆவணம் இதனை விளக்குகிறது: எத்தனை பேர் ஏற்றனர் என்பது முதன்மையன்று, எழுப்பப்பட்ட ஒவ்வொரு தொழில்நுட்ப மறுப்பும் உரியவாறு ஆராயப்பட்டதா என்பதே முதன்மை. ஒற்றைப் பூனையின் மறுப்பும் சரியாக இருக்கலாம் என்ற கருத்தின் மேல் இம்முறை அமைந்துள்ளது.

லினக்சு கருவகம் மற்றோர் எடுத்துக்காட்டு. 1991இல் பின்லாந்து மாணவர் லினசு டோர்வால்ட்சு தொடங்கிய இக்கட்டற்ற மென்பொருளுக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் பங்களித்துள்ளனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு அவர் வேலை ஏவ முடியாது. வந்து சேரும் மாற்றங்களை ஏற்பதும் மறுப்பதுமே அவரிடமும் பிரிவுப் பொறுப்பாளர்களிடமும் உள்ள அதிகாரம். அதாவது பூனைகள் எங்கும் திரியலாம். வீட்டுக்குள் எதனை விடுவது என்பதை மட்டும் கதவருகே இருப்பவர் தீர்மானிக்கிறார். 2005இல் அவர் உருவாக்கிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியும் இதே முறையைப் பின்பற்றுகிறது. ஒவ்வொருவரிடமும் முழுப் பிரதி இருக்கும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இணைப்பது பிறகு நடைபெறும். இம்முறைக்கும் விலை உண்டு. ஒருவருக்கும் சுவையளிக்காத பணிகள், குறிப்பாக ஆவணங்கள் எழுதுதல், இத்தகைய திட்டங்களில் பல காலம் தேங்கிக் கிடப்பது வழக்கம்.

பிற மொழிகளில்

இக்கருத்தை வெவ்வேறு மொழியினர் வெவ்வேறு உயிரினங்களைக் கொண்டு கூறுகின்றனர். செருமானியர், அடங்காத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதைவிட ஒரு சாக்குத் தெள்ளுப்பூச்சிகளைக் காவல் காப்பது எளிது என்பர். டச்சு மொழியில் தவளைகள் நிறைந்த தள்ளுவண்டி. இந்தியில் தவளைகளைத் தராசில் நிறுத்தல். தவளை உவமைகளில் இருந்த இடத்தில் இருக்கச் செய்வதே சிக்கல். ஒன்றை வைத்தால் மற்றொன்று தாவிவிடும். ஆங்கிலத் தொடரில் ஓரிடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற கூடுதல் சுமையும் உள்ளது.

தமிழில் நெல்லிக்காய் மூட்டை என்ற உவமை இதற்கு அருகில் வருகிறது. மூட்டையை அவிழ்த்ததும் காய்கள் பல பக்கமும் உருண்டோடுவதைப் போல ஒற்றுமையின்றிச் சிதறும் கூட்டத்தை இது குறிக்கும். ஆனால் இது கூட்டத்தின் இயல்பை மட்டும் சொல்கிறது. அதனைத் திரட்ட முயல்பவரின் பாடு இதில் இல்லை. அப்பாட்டைச் சொல்ல, கட்டி மேய்க்க முடியவில்லை என்ற பேச்சு வழக்கு உள்ளது. "இந்தப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க என்னால் முடியாது" என்பதில் அலுப்பு, உரிமை, சற்றே அன்பு ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. ஒருவரைப் பற்றியும் இதனைச் சொல்லலாம் என்பதே ஆங்கிலத் தொடருடன் இதற்குள்ள வேறுபாடு.

சொல்லுக்குச் சொல்லாகப் பூனைகளை மேய்ப்பது போல என்று மொழிபெயர்க்கும்போது ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலச் சொல் ஓட்டிச் செல்லுதலையும் திரட்டுதலையும் மட்டுமே குறிக்க, தமிழில் மேய்த்தல் என்பது புல் தின்ன விடுதலையும் சேர்த்துக் குறிக்கும். பூனை மேயும் விலங்கன்று. அவ்வப்போது புல்லைக் கடித்தாலும் அதனால் பசியாறுவதில்லை. எனவே தமிழ் வடிவம் மூலத்தைவிட ஒரு படி கூடுதலாக அபத்தமாகிறது. நகைச்சுவையான இடங்களில் இது பொருந்தும். அலுவல்சார் மொழிபெயர்ப்பில் "பல திசையில் செல்பவர்களை ஒருங்கிணைத்தல்" என்று பொருளை நேரடியாக எழுதுவது நன்று.